களைக்கொத்தின் பிடியை அளந்து பார்த்தீர்களா?

ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, எத்தனை மூட்டை உரம், எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்று யார் கேட்டாலும் நீங்கள் யோசிக்காமல் பதில் சொல்வீர்கள். மண்ணை ஆய்வுக்கு அனுப்பி, அதன் கார அமிலத் தன்மை வரை தெரிந்து வைத்திருப்பவர்களும் உங்களில் உண்டு. ஆனால், தாழ்வாரத்தில் செருகி வைத்திருக்கும் களைக்கொத்தின் பிடி எவ்வளவு நீளம்? அதைப் பிடித்து வேலை செய்பவரின் உயரம் என்ன? ஒரு நாளில் அவர் எத்தனை மணி நேரம் இடுப்பை மடக்கியபடி இருக்கிறார்? இந்தக் கணக்கை நாம் எந்த நோட்டிலும் எழுதி வைத்ததில்லை.

எழுதி வைக்காததால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது. நடவு, களை சீசனில் வலி மாத்திரையாகவும் தைலமாகவும் ஊசியாகவும் அது வெளியே வருகிறது. நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே ‘இனி என்னால் குனிய முடியாது’ என்று நடவை விட்டுவிட்ட பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஆள் பற்றாக்குறை என்று பேசும்போது திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்களை எண்ணுகிறோம், நூறு நாள் வேலைக்குப் போனவர்களை எண்ணுகிறோம். இடுப்பு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர்களை எண்ணுவதில்லை. அவர்களும் ஒரு காலத்தில் நம் வயலில் நட்டவர்கள்தான். நாம் கொடுத்த கருவியும் நாம் தூக்கச் சொன்ன சுமையும்தான் அவர்களை வயலிலிருந்து அனுப்பிவைத்தன.

இதைச் சரிசெய்வதற்கு ஒரு துறையே இருக்கிறது. எர்கோனாமிக்ஸ், தமிழில் பணிச்சூழலியல். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. வேலைக்குத் தகுந்தபடி உடலை வளைக்காமல், உடலுக்குத் தகுந்தபடி வேலையையும் கருவியையும் அமைத்துக்கொள்வது. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் இதற்குப் பயிற்சி நடக்கிறது. கம்ப்யூட்டர் முன் உட்காருபவருக்கு நாற்காலியின் உயரம் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் சேற்றில் குனிந்து நிற்பவருக்குச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அந்தப் பயிற்சி நம் வயலுக்கு வர வேண்டும். அதுவும் கையால் செய்து பார்க்கும் பயிற்சியாக வர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

குனியும்போது என்ன நடக்கிறது?

துலா ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மரத்தின் ஒரு நுனியில் தண்ணீர்ச் சால். அந்த நுனி தாங்குகட்டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு மறுபக்கம் அழுத்தம் தேவை. நம் இடுப்பும் அப்படித்தான். இடுப்புக்கு மேலே உள்ள தலை, தோள், கை, நெஞ்சு எல்லாம் சேர்ந்தால் உடல் எடையில் ஏறக்குறைய பாதி. நிமிர்ந்து நிற்கும்போது அந்த எடை முதுகெலும்பின் மேல் நேராக இறங்கிவிடும். குனிந்தவுடன் அது முன்னால் தள்ளிப் போகிறது. விழாமல் பிடித்து நிறுத்துவது முதுகுத் தசைகள். அவை இழுக்கும் இழுப்பு முழுவதும் முதுகெலும்பின் அடிப்பகுதியில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் மேல் இறங்குகிறது.

அதனால்தான் கையில் எதுவும் தூக்காமல் வெறுமனே குனிந்து நின்றாலே இடுப்பு கடுக்கிறது. தூக்கும் பொருள் உடலைவிட்டுத் தள்ளி இருந்தால் இன்னும் கடுக்கும். குனிந்தபடியே உடலைத் திருகினால் அதைவிட மோசம். நாற்று முடியைக் குனிந்து எடுத்து, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் வீசுவதில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. ஒருநாள் செய்தால் வலி இரண்டு நாளில் போய்விடும். இருபது வருடம் செய்தால் போகாது.

ஒரு பிடியின் கதை

கருவியை மாற்றினால் போதுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு கதை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கீரை வகைகளுக்கும் சர்க்கரைக் கிழங்குக்கும் களை எடுக்க, பயிர் கலைக்க, குட்டைப் பிடி போட்ட கொத்து ஒன்று இருந்தது. பிடி ஏறக்குறைய ஒரு முழம். அதை வைத்து வேலை செய்ய இடுப்பை முழுக்க மடக்கித்தான் ஆக வேண்டும். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த கூலித் தொழிலாளர்கள். அவர்களின் மொழியில் அதன் பெயர் ‘குட்டையன்’ என்ற பொருள்பட இருந்தது. அவர்களுடைய தலைவர் சீசர் சாவேஸும் அந்தக் கொத்தைப் பிடித்துக் கூலி வேலை செய்தவர்தான். வாழ்நாள் முழுவதும் முதுகு வலியோடு இருந்தார்.

குட்டைப் பிடிக்கு முதலாளிகள் சொன்ன காரணம்: கிட்டே குனிந்து செய்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும், நீளப் பிடி போட்டால் பயிர் வெட்டுப்படும். தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு: எல்லோரும் குனிந்தே இருந்தால் யார் நிமிர்ந்து ஓய்வெடுக்கிறார் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும். வழக்கு நடந்தது. மருத்துவர்கள் முதுகெலும்புச் சேதம் பற்றிச் சாட்சி சொன்னார்கள். 1975-ல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. நீளப் பிடி போட்டுக் களை எடுத்தார்கள். கீரை விளைச்சல் ஒன்றும் நின்றுபோகவில்லை.

நம் ஊர்க் களைக்கொத்தும் அந்தக் குட்டையனும் கிட்டத்தட்ட ஒரே நீளம். நம்மிடமும் கேட்டால் வரும் பதில், ‘உட்கார்ந்து கொத்தினால்தான் சுத்தமாக இருக்கும்’ என்பதுதான். நெருக்கமாக விதைத்த வயலில் அதில் உண்மையும் உண்டு. வரிசை பிடித்து விதைத்த வயலில் அது வெறும் பழக்கம்.

சொல்லிக் கொடுத்தால் போதாது

நம் மாநிலத்தில் இது பற்றிய அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விவசாய வேலையில் உடல் நலனையும் பாதுகாப்பையும் ஆராய அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் ஒன்று போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தைத் தலைமையாகக் கொண்டு நடக்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அதன் மையம் செயல்பட்டிருக்கிறது. பல மாநில விவசாயத் தொழிலாளர்களின் உயரம், கை நீளம், பிடி அளவு, தள்ளும் வலு ஆகியவற்றை அளந்து 2009-ல் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ஆண்களை மட்டுமல்ல, பெண்களையும் அளந்தார்கள். கருவி செய்பவருக்குத் தேவையான அளவுகள் இருக்கின்றன. வயலுக்குத்தான் அவை வந்து சேரவில்லை.

வந்து சேராததற்குக் காரணம், பயிற்சி என்ற பெயரில் நாம் செய்வதுதான். ஒன்றியத் தலைநகரில் ஒரு மண்டபம். காலை பத்தரைக்கு வரவேற்பு. திரையில் படம். ‘குனியாதீர்கள், முதுகை நேராக வையுங்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள்’ என்று ஒரு பேச்சு. மதியம் சாப்பாடு, கையெழுத்து, ஒரு பை. வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நில உடைமையாளர்களான ஆண்கள். நாற்று நடும் பெண்கள் அந்த நேரத்தில் வயலில் இருக்கிறார்கள். வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். யாருடைய இடுப்புக்காகப் பயிற்சி நடக்கிறதோ அவர் மட்டும் அந்த அறையில் இல்லை.

அவர் வந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. சுமை தூக்கும் முறை பற்றி அறிவுரை சொல்லிப் பயிற்சி கொடுத்தால் தொழிலாளர்களுக்கு முதுகு வலி குறைகிறதா என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ‘காக்ரேன்’ என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு சேர்த்துப் பார்த்தது. அறிவுரையும் பயிற்சியும் மட்டும் வலியைத் தடுக்கின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நாம் யோசித்தாலும் இது புரியும். மூட்டை அதே எடை, பிடி அதே நீளம், தொட்டி அதே தரையில். குனியாதே என்றால் அவர் எப்படிக் குனியாமல் இருப்பார்?

ஆகவே, பயிற்சியை இப்படி எடை போடுங்கள். பயிற்சி முடிந்து எல்லோரும் கலையும்போது, அந்த வயலில், அந்தக் களத்தில், கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று மாறியிருக்கிறதா? ஒரு பிடி நீண்டிருக்கிறதா, ஒரு மூட்டை சிறுத்திருக்கிறதா, தரையில் இருந்த ஒன்று மேசைக்கு ஏறியிருக்கிறதா? அப்படி எதுவும் மாறவில்லை என்றால் அங்கே நடந்தது பயிற்சி அல்ல, கூட்டம்.

வயலில் கற்ற முன்னோடிகள்

இப்படிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். வியட்நாமின் மீகாங் கழிமுகப் பகுதி, நம் காவிரி டெல்டாவைப்போல நெல்லும் வாய்க்காலுமாக இருக்கும் பூமி. அங்கே கான் தோ பகுதியில் 1990-களின் நடுவில் உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களும் ஜப்பானியத் தொழில்நல நிபுணர்களும் சேர்ந்து ஒரு முறையைத் தொடங்கினார்கள். விவசாயக் குடும்பங்கள், கணவனும் மனைவியுமாக, பக்கத்து வீட்டு வயலையும் களத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். கையில் படம் போட்ட ஒரு பட்டியல். குறை கண்டுபிடிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் ஏற்கெனவே நன்றாகச் செய்திருக்கும் விஷயங்களைச் சொல்ல வேண்டும். பிறகு உட்கார்ந்து பேசி, கையில் இருக்கும் பொருளைக் கொண்டு, குறைந்த செலவில் அடுத்த சில நாளில் எதை மாற்றலாம் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். தள்ளுவண்டி செய்வது, வண்டி போகப் பாதையைச் செப்பனிடுவது, அடிக்கடி எடுக்கும் பொருளை இடுப்பு உயரத்தில் வைப்பது என்று சின்னச் சின்ன மாற்றங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இந்த முறையை எடுத்துப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது.

நமக்கும் இது புதிதல்ல. உழவர் வயல்வெளிப் பள்ளி நமக்குத் தெரியும். 1989-ல் இந்தோனேசியாவில், நெல்லில் பூச்சி மேலாண்மைக்காக ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள் வயலில் இறங்கி, பயிரைப் பார்த்து, பூச்சியை எண்ணி, படம் வரைந்து, விவசாயியே முடிவெடுக்கும் முறை. இன்று நம் வட்டாரங்களில் அட்மா திட்டத்தில் அதை நடத்துகிறோம். தத்துப்பூச்சியை எண்ணக் கற்றுக்கொண்ட அதே வயலில், குனியும் நேரத்தையும் எண்ணக் கற்றுக்கொள்ளலாம். புதுத் திட்டமோ தனி நிதியோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற வயல்வெளிப் பள்ளியில் இரண்டு வகுப்பை இதற்கு ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.

ஒரு காலைப் பொழுதுக்கான பாடம்

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களே, அந்த வகுப்பு எப்படி இருக்கலாம் என்று என் யோசனையைச் சொல்கிறேன். பதினைந்து, இருபது பேர் போதும். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த வேலையைக் கையால் செய்யும் பெண்களாக இருக்கட்டும். கொக்கித் தராசு ஒன்று, அளவு நாடா ஒன்று, வெவ்வேறு நீளத்தில் நான்கைந்து பிடிகள், ஊர்க் கொல்லர் ஒருவர். இவைதான் பாடப்புத்தகம்.

முதலில் எடை போடுங்கள். ஈர நாற்றுக் கட்டு, எருக் கூடை, தக்காளிப் பெட்டி, நெல் மூட்டை, தண்ணீர் நிரம்பிய தெளிப்பான் என்று அன்றாடம் தூக்கும் ஒவ்வொன்றையும் தராசில் மாட்டி, எடையைச் சுண்ணாம்பில் அதன் மேலேயே எழுதுங்கள். தூக்கியவரே அந்த எண்ணைப் பார்த்து அசந்து போவார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கின்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத் தக்க எடை 23 கிலோ. சாதகம் என்றால், பொருள் இடுப்பு உயரத்தில், உடலை ஒட்டி, நல்ல பிடியோடு இருக்க வேண்டும். உடலைத் திருகக் கூடாது. எப்போதாவது ஒருமுறைதான் தூக்க வேண்டும். தரையிலிருந்து, அடிக்கடி, வழுக்கும் வரப்பில் என்றால் அந்த எண் இன்னும் இறங்கும். நம் மூட்டைகளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பிடி. களைக்கொத்துக்கு இடுப்பு உயரம், மார்பு உயரம், தோள் உயரம் என்று மூன்று நீளத்தில் பிடி மாட்டி, ஒவ்வொருவரும் பத்து நிமிடம் கொத்திப் பார்க்கட்டும். எது தோதுப்படுகிறது என்பதை அவரவர் உடல் சொல்லும். இங்கேதான் கொல்லர் வேண்டும். பிடியை மட்டும் நீட்டினால் இலை மண்ணில் படும் கோணம் கெட்டுவிடும். கொத்து மேலாகச் சறுக்கும். ‘நீளப் பிடி சரிப்படாது’ என்று அன்றே தூக்கிப் போட்டுவிடுவார்கள். காதுப் பகுதியைக் கொஞ்சம் திறந்து கோணத்தைச் சரிசெய்து கொடுத்தால் வேலை ஓடும். பிடியின் பருமனையும் பாருங்கள். கை சுற்றிப் பிடித்தால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆண் கைக்குச் செய்த பருத்த பிடியைப் பெண் பிடித்தால் விரல்கள் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

மூன்றாவது, களைக் கருவிகள். திருந்திய நெல் சாகுபடியில் 22.5 சென்டிமீட்டருக்கு 22.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் ஓட்டச் சொல்கிறோம். நிமிர்ந்து நின்று களை எடுக்கலாம், நல்ல விஷயம். ஆனால் பல வீடுகளில் அது ஏன் மூலையில் கிடக்கிறது? ஓட்டிப் பார்த்தால் தெரியும். வயலில் மெல்லிய தண்ணீர் இல்லாமல் சேறு இறுகியிருந்தால், தள்ளுபவரின் தோள்பட்டை போய்விடும். கைப்பிடி உயரம் ஆளுக்கு ஏற்றபடி இல்லாவிட்டால் இடுப்பு வலி தோள் வலியாக மாறும், அவ்வளவுதான். கைப்பிடியை இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே வரும்படி வைத்து, இரண்டு பேர் மாறி மாறி ஓட்டிப் பழக வேண்டும். மானாவாரிக் கடலையிலும் இதே பாடம்தான். வரிசையில் விதைத்து, மண் ஈரப்பதம் சரியாக இருக்கும்போது சக்கரக் களைக்கொத்தியைத் தள்ளினால் வரிசைக்கு நடுவே உள்ள களை போய்விடும். செடியை ஒட்டிய களைக்கு மட்டும் கை போதும். களை எடுப்பவரின் இடுப்பு விதைப்பு நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

நான்காவது, தெளிப்பான். 16 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. தொட்டி, பேட்டரி தனி. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று முறை நிரப்பி முதுகில் ஏற்ற வேண்டும். தரையிலிருந்து குனிந்து, திருகி, ஒரு தோளில் மாட்டி ஏற்றுவதுதான் வழக்கம். வயலோரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை, ஒரு கல், கவிழ்த்த பீப்பாய் எதுவாக இருந்தாலும் சரி. அதன் மேல் தொட்டியை வைத்து நிரப்பி, முதுகைக் காட்டி நின்று, இரண்டு பட்டையையும் மாட்டிக்கொண்டு நகரச் சொல்லுங்கள். ஒருமுறை அப்படி ஏற்றிப் பார்த்தவர் மறுபடி தரையிலிருந்து தூக்க மாட்டார்.

ஐந்தாவது, தரை வேலை. பூக் கட்டுவது, காய் தரம் பிரிப்பது, குழித்தட்டு நிரப்புவது, கடலை உரிப்பது எல்லாம் தரையில் குந்தி நடக்கிற வேலைகள். பழைய கதவு ஒன்றை நான்கு கல் அடுக்கின் மேல் போட்டால் மேசை. நின்று வேலை செய்யும்போது அது முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். குந்துவது தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு மணைப்பலகை.

அறுவடைக்கு, கருக்கரிவாளைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள். அது வெட்டுக்கு அல்ல, அறுப்புக்கு. ஓங்கி வீசாமல் இழுத்து அறுக்க வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். இதைப் பேசிச் சொல்லித்தர முடியாது. பத்துக் கட்டுக் கதிர் அறுத்தால் கை தானே பழகிவிடும்.

நடவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கையால் நடும்வரை குனியத்தான் வேண்டும். எந்தக் கருவியும் அதை மாற்றாது. இயந்திர நடவும் உருளை விதைப்பும் முடிகிற இடத்தில் அவை நல்லது. முடியாத இடத்தில் வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். நாற்றுப் பறிப்பவர், முடி எடுத்துக் கொடுப்பவர், நடுபவர் என்று சுழற்சி. முடிகளை முன்கூட்டியே வயல் முழுக்கப் பரவலாகப் போட்டு வைத்தால், நடுபவர் திருகி எட்ட வேண்டியதில்லை. இதோடு ஓய்வு. கலிபோர்னியாவில் குனிந்து வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு மணிக்கு ஐந்து நிமிடம் கூடுதல் ஓய்வு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. அவர்களுக்கு உடல் வலியின் கடுமை குறைந்திருந்தது. மதியம் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைப்போலவே, மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, நடந்து, தண்ணீர் குடிப்பதும் அவசியம்.

வரக்கூடிய மறுப்புகள்

‘எல்லாம் மெஷின் வந்துவிட்டதே’ என்பார்கள். நெல் அறுவடையில் வந்துவிட்டது. மல்லிகை பறிப்பதற்கும், பருத்தி எடுப்பதற்கும், வெண்டை, கத்தரி, மிளகாய் பறிப்பதற்கும், காய்கறிப் பாத்தியில் களை எடுப்பதற்கும், வாழைத்தார் சுமப்பதற்கும் இன்றும் மனித உடல்தான். சிறு நிலத்தில் இன்னும் பல ஆண்டுகளுக்கு அப்படித்தான் இருக்கும்.

‘வேலை மெதுவாகும்’ என்பது அடுத்தது. முதல் வாரம் மெதுவாகத்தான் ஆகும். எந்தப் புதுக் கருவிக்கும் அது பொருந்தும். ஏக்கர் கணக்கில் காண்ட்ராக்ட் எடுத்து நடும் குழுக்களுக்கு இது உண்மையான கவலை. நேரம் போனால் அவர்களுக்குக் காசு போகும். அதனால் கருவி பழகும் அந்த முதல் சில நாளின் இழப்பை நிலத்துக்காரரோ திட்டமோ ஏற்க வேண்டும். பழகுவதற்கான செலவைக் கூலி வாங்குபவர் தலையில் கட்டினால் கருவி மூலைக்குத்தான் போகும்.

‘அவர்களுக்குப் பழகிப்போச்சு’ என்பது மூன்றாவது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் வரப்பில் நிற்பவராக இருப்பார். வலி பழகிப்போகும், வட்டு தேய்வது பழகிப்போகாது.

எடை மாறாது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018 மார்ச் முதல் 45 கிலோ ஆனது. உரப் பயன்பாட்டைக் குறைக்க எடுத்த முடிவு அது, முதுகை நினைத்து எடுத்ததல்ல. இருந்தாலும் ஓர் உத்தரவால் நாடு முழுவதும் மூட்டை சிறுத்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் நடைமுறையில் இருக்கிறது. தனியார் மண்டிகளில் அதைவிடப் பெரிய மூட்டைகள் இன்னும் ஓடுகின்றன. 25 கிலோ சிப்பத்தில் அரிசி விற்க முடிகிற நாட்டில், விதையும் உரமும் விளைபொருளும் அந்த எடையை நோக்கி நகர முடியாது என்று சொல்வதில் நியாயம் இல்லை. தொழிற்சாலையில் ஒருவர் தூக்கக்கூடிய எடைக்கு வரம்பு வைக்க 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இடம் இருந்தது. வயலில் தூக்குபவரின் முதுகும் அதே எலும்பால்தான் ஆனது.

யார் என்ன செய்ய வேண்டும்?

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, கையால் வேலை செய்யும் பெண்கள் பயிற்சிக்கு வந்தால் அன்றைய கூலியைத் திட்டமே கொடுக்க வேண்டும். பயணப்படி, சாப்பாடு, பை எல்லாவற்றையும்விட இது முக்கியம். இரண்டு, மானியத்தில் கொடுக்கும் கருவிகளை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்காமல், பிடி நீளத்தில் இரண்டு மூன்று அளவு வைத்து, எடுத்துப் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொள்ள விட வேண்டும். செருப்பு வாங்கும்போது காலில் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? மூன்று, பயிற்சியின் வெற்றியைக் கையெழுத்துப் பட்டியலால் அளக்கக் கூடாது. ஒரு மாதம் கழித்து அதே வயலுக்குத் திரும்பிப் போய், மாற்றிய கருவி இன்னும் கையில் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். இல்லை என்றால் ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். அந்தக் காரணம்தான் கருவி செய்பவருக்குத் தேவையான பாடம்.

வேளாண் அறிவியல் நிலையங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையமே 1974-ல் கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கியது. செய்து கற்பது என்பதுதான் அவை பிறந்த நோக்கம். நிலையத்தில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவிகளை ஒரு வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பி, பதினைந்து நாள் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். கண்ணாடி அறைக்குள் இருக்கும் கருவியால் யாருடைய இடுப்பும் நிமிராது.

நிலம் வைத்திருப்பவர்களே, நீங்கள் இதற்காக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். இந்த வாரம் ஒரு தராசை எடுத்து, உங்கள் வீட்டில் அதிகம் தூக்கும் மூன்று பொருள்களை எடை போடுங்கள். கூடையின் விளிம்புவரை நிரப்பாமல், முக்கால் அளவில் ஒரு கோடு போடுங்கள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லரிடம் போகும்போது, அதைப் பிடிப்பவரையும் கூட அழைத்துப் போங்கள். உங்கள் வயலில் வேலை செய்யும் பெண்களிடம், எந்த வேலை முடிந்த அன்று இரவு தூக்கம் வருவதில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் முதல் வேலையிலிருந்து தொடங்குங்கள். மாதமாக இருக்கும் பெண்ணுக்குச் சுமை தூக்கும் வேலை வேண்டாம். இதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

கூலிக்குப் போகும் சகோதரிகளே, காண்ட்ராக்ட் பேசும்போது ஏக்கருக்கு எவ்வளவு என்று மட்டும் பேசாதீர்கள். தண்ணீர் எங்கே இருக்கும், மணிக்கு ஒருமுறை நிமிர நேரம் உண்டா, கருவி யாருடையது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். குழுவாகப் போகும்போது குழுவாகவே கேட்கலாம்.

சம்பா நடவுக்கும் மானாவாரி விதைப்புக்கும் முன்னால் சில நாட்கள் வேலை குறைந்து கிடக்கும். கருவியைத் தீட்ட, பிடி மாற்ற நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நாட்கள் அவை. இந்த முறை அந்த நாட்களில் ஒரு காலைப் பொழுதை, உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் வேண்டாம், வயலில் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வருபவர் கையில் அளவு நாடா இருக்கிறதா என்று பாருங்கள்.